நாளத்தைத் தாண்டாத புற்று

பெண்ணின் ஒவ்வொரு மார்பகத்திலும் பதினைந்து முதல் இருபது பால் மடல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மடலும் திராட்சைக் கொத்துப் போன்ற சின்னஞ்சிறு சுரப்பிகளால் ஆனது. அவற்றில் ஊறும் பால் மெல்லிய நாளங்கள் வழியே காம்புக்கு வந்து சேர்கிறது. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த நாளங்களின் உட்சுவரில்தான் தொடங்குகிறது. ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டிய செல்கள் அளவு மீறிப் பெருகி நாளத்தை அடைத்துக்கொள்கின்றன. நாளத்தைச் சுற்றி அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய உறை உண்டு. பெருகிய செல்கள் அந்த உறைக்குள் அடங்கிக் கிடக்கும்வரை ரத்தக் குழாயையோ நிணநீர்க் குழாயையோ எட்ட முடியாது. நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவ முடியாது. உறையைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் அது ஊடுருவும் புற்றுநோய். துளைக்காமல் உள்ளேயே நிற்கும் நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டிசிஐஎஸ். நாளத்துக்குள் தங்கிய புற்று என்று தமிழில் சொல்லலாம். பூஜ்யம் முதல் நான்கு வரை எண்ணப்படும் புற்றுநோய் நிலைகளில் இதற்குரிய எண் பூஜ்யம்.

இந்தப் பூஜ்ய நிலை கண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை செய்தாக வேண்டுமா, சிலரைக் கண்காணித்து வந்தாலே போதுமா என்பது மார்பகப் புற்றுநோய் மருத்துவத்தில் நெடுநாளாக ஓயாத விவாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் தொல்லையே தந்திருக்காத ஒன்றுக்காக மார்பகத்தை இழப்பது பெரிய இழப்பு. தொட்டிருந்தால் தீர்ந்திருக்கும் ஒன்றை விட்டுவைத்து, அது உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் அது அதைவிடப் பெரிய இழப்பு.

டிசிஐஎஸ் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. வலியும் இருக்காது. மார்பகத்தை இரண்டு தகடுகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கும் மேமோகிராம் என்ற எக்ஸ்ரே படத்தில்தான் அது தென்படுகிறது. அதுவும் நேராக அல்ல, அது விட்டுச் சென்ற தடயமாக. நாளத்தை அடைத்துக்கொண்ட செல்களில் நடுவில் மாட்டியவற்றுக்கு ஊட்டம் போய்ச் சேராமல் அவை மடிகின்றன. மடிந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. தூள் உப்பை ஒரு சிட்டிகை சிந்தியதுபோலப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இத்தகைய புள்ளிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. மார்பகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் மருத்துவர் கவலைப்படுவதில்லை. ஒரே இடத்தில் குவிந்திருந்தாலோ, நாளத்தின் போக்கிலேயே கோடாகவும் கிளையாகவும் ஓடியிருந்தாலோதான் சந்தேகம் எழுகிறது. அப்போது மேமோகிராம் கருவியின் உதவியோடு அந்த இடத்தைக் குறிபார்த்து ஊசி செலுத்தி, நூல் நூலாகத் திசுவை எடுக்கிறார்கள். எடுத்த நூல்களையே மறுபடி எக்ஸ்ரே எடுத்து, அந்த வெள்ளைப் புள்ளிகள் அதில் வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பயாப்சி முடிந்ததாகக் கொள்வார்கள். புள்ளி வராத திசுவை எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் பயனில்லை.

மேமோகிராம் பரவலாகும் முன்பு இந்த நோய் மருத்துவர் கண்ணில் படுவதே அரிது. 1980களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நலமாக இருக்கும் பெண்களுக்கே குறித்த இடைவெளியில் மேமோகிராம் எடுக்கும் வழக்கம் வந்தது. அதன்பின் அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று டிசிஐஎஸ் என்ற நிலை வந்தது. பூஜ்ய நிலையிலேயே இத்தனை பேரைப் பிடித்தால், சில ஆண்டுகள் கழித்து ஊடுருவும் புற்றுநோய் அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையவில்லை. அங்கிருந்துதான் கேள்வி பிறந்தது: பிடித்தவற்றில் ஒரு பங்கு, பிடிக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்காதவையோ?

வேறு காரணத்தால் இறந்த பெண்களின் உடற்கூறாய்வுகளும் இந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்தன. அத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் வெளியான கட்டுரை ஒன்று, உயிரோடு இருந்தவரை மார்பில் எந்த நோயும் அறியப்படாத பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேரிடம் டிசிஐஎஸ் இருந்ததாகக் காட்டியது. அவர்கள் அதனோடு வாழ்ந்தார்கள், அதனால் இறக்கவில்லை. பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2012இல் இதை எண்ணிக்கையாகவே வைத்தது. ஐம்பது வயதில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேமோகிராம் பரிசோதனைக்கு 10,000 பெண்களை அழைத்தால் 43 பேர் மார்பகப் புற்றுநோயால் இறப்பது தவிர்க்கப்படும். 129 பேருக்கு, தானாக ஒருபோதும் வெளிப்பட்டிருக்காத புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்படும். அந்த 129 பேரில் தாம் ஒருவரா என்று எந்தப் பெண்ணாலும், எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. விவாதத்தின் முள் இதுதான்.

வழக்கமான சிகிச்சை இன்றும் அறுவைதான். புள்ளிகள் சிறு இடத்தில் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பிறகு கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். நம் ஊர்களில் கரண்ட் வைப்பது என்று சொல்வது இதைத்தான். பரவலாக இருந்தால் மார்பகம் முழுவதையும் நீக்குகிறார்கள். ஹார்மோனுக்கு இணங்கும் வகையானால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரையை ஐந்து ஆண்டு தருவது வழக்கம். கதிர்வீச்சு, அதே மார்பில் நோய் திரும்புவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் உறுதிசெய்துவிட்டன. ஆனால் அதனால் இறப்பு குறைந்ததாக அந்த ஆய்வுகளில் தெரியவில்லை.

2015இல் டொரண்டோவின் ஸ்டீவன் நாரோடும் சகாக்களும் அமெரிக்கப் பதிவேடுகளிலிருந்து 1,08,196 பெண்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். டிசிஐஎஸ் கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 3.3 பேர். இந்த எண்ணை இரண்டு தரப்பும் எடுத்துக்கொண்டன. இவ்வளவு குறைவான இறப்புக்காக இவ்வளவு அறுவையா என்றது ஒரு தரப்பு. அந்தப் பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் சிகிச்சை பெற்றவர்கள், சிகிச்சை பெற்றதால்தான் இறப்பு குறைவு என்றது மறு தரப்பு. இரண்டாவது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சிகிச்சை பெறாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை இந்த எண் சொல்லவே இல்லை. அதே ஆய்வில் 35 வயதுக்குள் நோய் கண்ட பெண்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் இறப்பு மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம்.

சிகிச்சை இல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே ஒரு வகைச் சான்றுதான் நீண்டகாலம் இருந்தது; அதுவும் தவறுதலால் கிடைத்தது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் பல ஆண்டுகளுக்கு முன் தீங்கற்ற கட்டி என்று முடிவெழுதி அனுப்பப்பட்ட பயாப்சித் தகடுகளைப் பின்னாளில் திரும்பப் பார்த்தபோது, சில உண்மையில் மென்தர டிசிஐஎஸ் என்று தெரிந்தது. அந்தப் பெண்கள் பயாப்சிக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். அப்படி 28 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட முடிவில், 11 பேருக்கு அதே மார்பில், அதே பகுதியில் ஊடுருவும் புற்றுநோய் வந்திருந்தது. பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டுக்குள். மிகத் தாமதமாக வந்தவருக்கு 42 ஆண்டு கழித்து. ஐந்து பேர் இறந்தார்கள். இருபத்தெட்டு பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். இருந்தும் இதைப் படிக்கிற எந்த மருத்துவரும் மென்தரம் என்றால் ஆபத்தில்லை என்று மனச்சான்றோடு சொல்லிவிட முடியாது. அதேசமயம் பதினேழு பேருக்கு அப்படி எதுவும் வரவில்லை என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது.

தரம் பிரிப்பதும் கண்ணால் பார்த்து முடிவு செய்யும் வேலை. நுண்ணோக்கியில் செல்லின் கரு எவ்வளவு பெரியது, எவ்வளவு கோணலானது, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதை வைத்து மென்தரம், இடைத்தரம், கடுந்தரம் என்று நோயியல் மருத்துவர் எழுதுகிறார். கடுந்தரத்தைக் கண்காணிப்பில் விடலாம் என்று யாருமே சொல்வதில்லை. விவாதம் முழுவதும் மற்ற இரண்டைப் பற்றியது. 2015இல் ஜோன் எல்மோர் குழுவினர் அமெரிக்காவில் 115 நோயியல் மருத்துவர்களிடம் ஒரே மார்பகத் தகடுகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஊடுருவும் புற்றுநோயில் வல்லுநர் குழுவின் முடிவோடு 96 விழுக்காடு ஒத்துப்போயிற்று; டிசிஐஎஸ்ஸில் 84 விழுக்காடு; அதற்கும் முந்தைய, செல்கள் சற்றே முறை தவறிய நிலையில் 48 விழுக்காடுதான். கண்காணிப்பா அறுவையா என்ற முடிவு ஒரு தகட்டின் மீது நிற்கும்போது, அந்தத் தகட்டை மார்பகத்திலேயே பழக்கம் உள்ள இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்பது தேவையற்ற அலைச்சல் அல்ல.

அறுவையையும் கண்காணிப்பையும் நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்த விவாதம் தீராது என்று மூன்று நாடுகளில் ஆய்வுகள் தொடங்கின. பிரிட்டனின் லோரிஸ் 2014இல் தொடங்கி, போதிய பெண்கள் சேராததால் பாதியில் மூடப்பட்டது. குலுக்கல் முறையில் மார்பகத்தைப் பற்றிய முடிவை ஏற்க எத்தனை பெண்கள் முன்வருவார்கள்? நெதர்லாந்தின் லார்டும் அதே சிக்கலில் மாட்டி, பெண்களே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. அங்கே பெரும்பாலோர் கண்காணிப்பையே தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவின் காமெட் ஆய்வு மட்டும் எண்ணிக்கையோடு முடிவுக்கு வந்தது. டியூக் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் ஷெல்லி ஹ்வாங் தலைமையில் 2017 முதல் 2023 வரை 957 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் நாற்பது அல்லது அதற்கு மேற்பட்ட வயதினர். கைக்குக் கட்டி தட்டுப்படாதவர்கள். மென்தர அல்லது இடைத்தர, ஹார்மோனுக்கு இணங்கும் டிசிஐஎஸ் உள்ளவர்கள். ஒரு பாதிக்கு வழக்கமான அறுவை. மறு பாதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேமோகிராமோடு கூடிய கண்காணிப்பு. அவர்களில் பத்தில் ஏழு பேர் ஹார்மோன் மாத்திரையும் எடுத்துக்கொண்டார்கள்.

2024 டிசம்பரில் வந்த முடிவு இது. இரண்டு ஆண்டுகளில் ஊடுருவும் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் அறுவைப் பிரிவில் 5.9 விழுக்காடு, கண்காணிப்புப் பிரிவில் 4.2 விழுக்காடு. கண்காணிப்பு அறுவையைவிட மோசமாக இல்லை. அறுவைப் பிரிவில் எண் கூடுதலாக இருப்பதைப் பார்த்து அறுவைதான் புற்றை வரவழைத்தது என்று யாரும் எண்ண வேண்டாம். வெட்டியெடுத்த திசுவைச் சோதிக்கும்போது, ஊசி பயாப்சியில் சிக்காமல் பக்கத்தில் ஏற்கெனவே ஒளிந்திருந்த ஊடுருவும் புற்று வெளிப்பட்டுவிடுகிறது. கண்காணிப்பில் உள்ளவரிடமும் அது இருக்கலாம், வெட்டாததால் தெரியவில்லை. காமெட்டின் உண்மையான பலவீனம் இரண்டு. இந்த நோயின் கணக்கில் இரண்டு ஆண்டு மிகக் குறுகிய காலம். நாஷ்வில் பெண்களில் ஒருவருக்கு நாற்பது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அடுத்தது, அறுவைக்கு ஒதுக்கப்பட்ட 473 பேரில் 264 பேர்தான் அறுவை செய்துகொண்டார்கள். கண்காணிப்புக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 82 பேர் அறுவைக்குப் போனார்கள். ஐந்தாண்டு, பத்தாண்டு முடிவுகள் வரும்வரை, பொருத்தமான ஒரு சிறு பிரிவுப் பெண்களுக்குக் கண்காணிப்பு குறுகிய காலத்தில் பாதுகாப்பானது என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் சொல்வது அவசரம்.

பெயரைப் பற்றியும் ஒரு விவாதம் உண்டு. 2009இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, டிசிஐஎஸ் என்ற பெயரிலிருந்து புற்றுநோயைக் குறிக்கும் கார்சினோமா என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று யோசிக்கச் சொன்னது. தமிழில் இந்த யோசனையின் கனம் இன்னும் கூடும். கேன்சர் என்ற சொல் காதில் விழுந்த மறுகணமே குடும்பத்தில் பேச்சு அடங்கிவிடுகிறது. பூஜ்ய நிலையா நான்காம் நிலையா என்று கேட்கும் தெம்பு யாருக்கும் இருப்பதில்லை. எடுத்துப் போட்டுவிடுங்கள் டாக்டர் என்பதுதான் முதல் வார்த்தையாக வருகிறது. இந்த முடிவை அன்றே எடுக்க வேண்டியதில்லை. டிசிஐஎஸ்ஸில் சில வாரம் யோசித்து முடிவெடுப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

உறையைத் துளைத்து வெளியே வந்துவிட்ட ஆரம்பநிலைப் புற்றுநோய்க்குக் கண்காணிப்பு என்ற வழி கிடையாது. அதற்குச் சிகிச்சை வேண்டும். எவ்வளவு சிகிச்சை என்பதில்தான் குறைப்பு நடந்து வருகிறது. மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றிய அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட்டின் முறை ஏறத்தாழ எண்பது ஆண்டு கோலோச்சியது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பில் வித்தியாசமில்லை என்று இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1980களில் நிறுவினார்கள். 2002இல் வந்த இருபதாண்டு முடிவுகளும் அதையே உறுதிசெய்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட டெய்லரெக்ஸ் ஆய்வு, ஹார்மோனுக்கு இணங்கும் ஆரம்பநிலைக் கட்டிகளில் பலருக்குக் கீமோ தேவையில்லை என்று 2018இல் காட்டியது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் சிறு கட்டி உள்ள சிலருக்குக் கதிர்வீச்சைத் தவிர்த்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று பிரைம் 2 ஆய்வு 2023இல் சொன்னது. இவை யாவும் சிகிச்சையைக் குறைத்தவை. சிகிச்சையே வேண்டாம் என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

இங்கே தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த விவாதம் இரண்டு வேறு முகங்களோடு நிற்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று கணினி நிறுவனங்கள் வரிசை கட்டியிருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண் மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று தொகுப்புப் பரிசோதனை செய்துகொள்கிறார். அதில் மேமோகிராமும் அடங்கியிருக்கிறது. உப்புத் தூள் போன்ற வெள்ளைப் புள்ளிகள் அவர் படத்தில் தெரியலாம். டிசிஐஎஸ் விவாதம் அவருடையது. அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் விடியலில் மீன் கூடையோடு கிளம்பும் பெண்ணுக்கு மேமோகிராம் என்ற பேச்சே இல்லை. குளிக்கும்போது கையில் கட்டி ஒன்று தட்டுப்படுகிறது. வலி இல்லையே என்று விட்டுவிடுகிறார். வலி இல்லாததே அவரை ஏமாற்றுகிறது. மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

வலியின்மையைவிடப் பெரிய தடை இன்னொன்று. கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினால் கிளறிவிடும் என்ற நம்பிக்கை வடமாவட்டக் கிராமங்களிலும் மீனவர் குப்பங்களிலும் வேரோடியிருக்கிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. நோய் முற்றிய பிறகு அறுவைக்குப் போன உறவினர் சில மாதங்களில் இறந்ததை ஊர் பார்த்திருக்கிறது. இறப்புக்குக் காரணம் கத்தி அல்ல, அதற்கு முன் கழிந்த மாதங்கள். ஊசி பயாப்சி நோயைப் பரப்பி முடிவை மோசமாக்குவதில்லை. அது இல்லாமல் எந்தச் சிகிச்சையையும் சரியாகத் திட்டமிட முடியாது.

இந்தியாவின் எண்கள் இந்த இரண்டாவது முகத்தைத்தான் காட்டுகின்றன. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாக ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்தார்கள். 2010–14இல் நோய் கண்டவர்களில் ஐந்து ஆண்டு உயிரோடிருந்தவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 66 பேர். அமெரிக்காவில் 90 பேர். மேற்கு நாடுகளைவிட இங்கே ஏறத்தாழப் பத்து வயது முன்னதாகவே நோய் வருகிறது. இள வயது மார்பகம் அடர்த்தியானது. மேமோகிராமில் அது வெள்ளையாகவே தெரியும், புற்றும் வெள்ளையாகவே தெரியும். எல்லோருக்கும் மேமோகிராம் என்ற திட்டம் இந்தியாவில் இல்லை. முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரையான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தொட்டுப் பரிசோதிப்பதே மத்திய அரசின் வழிகாட்டுதல்.

கையால் தொட்டுப் பார்ப்பது பயன் தருமா என்பதற்கு விடை மும்பையில் கிடைத்தது. டாடா நினைவு மருத்துவமனையின் இந்திரனீல் மித்ரா குழுவினர் 1998இல் தொடங்கி 1,51,538 பெண்களை இருபது ஆண்டு தொடர்ந்தார்கள். மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைச் சோதித்தார்கள். மூன்று விரல்களின் மென்பகுதியால், முதலில் மேலாக, பிறகு சற்று அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும்வரை அழுத்தி, காறை எலும்பிலிருந்து அக்குள்வரை ஓர் இடம் விடாமல் தடவிப் பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் முறை. 2021இல் வந்த முடிவில், முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் சோதனைப் பிரிவில் குறைந்திருந்தார்கள். ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. இந்த முறையில் கைக்குத் தட்டுப்படுகிற கட்டிதான் கிடைக்கும். டிசிஐஎஸ் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் தேவையற்ற சிகிச்சை என்ற பக்கவிளைவும் இதில் மிகக் குறைவு. வசதி குறைந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இப்போதைக்கு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவம் வளர்ந்ததே முற்றிய நோயைச் சுற்றித்தான். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குப் பெரிய கட்டிகளோடு பெண்கள் வந்து நின்றார்கள். முதலில் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன் பிறகு அறுவை செய்யும் முறையை மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அங்கே வளர்த்தெடுத்தார்கள். பூஜ்ய நிலையைப் பற்றிய கேள்வி அந்த வாசலுக்கு வெகு அரிதாகவே வந்தது. 2023 நவம்பரில் தமிழக அரசு ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு மக்கள் அளவிலான பரிசோதனையைத் தொடங்கியது. இத்தகைய பரிசோதனை பரவப் பரவச் சிறிய கட்டிகள் கூடுதலாகக் கிடைக்கும். தனியார் மேமோகிராம்கள் கூடக்கூட டிசிஐஎஸ்ஸும் கூடும். இந்த விவாதத்துக்கு இங்கே தயாராக வேண்டிய காலம் தொலைவில் இல்லை.

எந்தச் சிகிச்சை என்ற முடிவில் தூரமும் ஒரு மருத்துவக் காரணம்தான். மாமல்லபுரத்தில் இருக்கும் பெண் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, அங்கே பேருந்து மாறி, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடையாறுக்கு. மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு பெரும்பாலும் மூன்று வாரமோ அதற்கு மேலோ, வாரத்தில் ஐந்து நாள். அத்தனை நாள் போய்வர ஆள் இல்லை, கூலி போகும் என்பதற்காகவே மார்பகத்தை முழுதாக எடுத்துவிடச் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். கண்காணிப்பும் இலவசமல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் மேமோகிராம், மாற்றம் தெரிந்தால் உடனே பயாப்சி, வேண்டுமென்றால் அறுவை என்று சங்கிலி அறுந்துவிடாமல் இருந்தால்தான் அதற்குக் கண்காணிப்பு என்று பெயர். அடுத்த முறை வரலாம் என்று தள்ளிப்போட்டால் அது சிகிச்சை பெறாமல் இருப்பதுதான். காமெட்டில் கண்காணிக்கப்பட்ட பெண்கள் வீட்டில் சும்மா இருந்தவர்கள் அல்லர். கையில் கட்டி தட்டுப்பட்ட கோவளத்துப் பெண்ணுக்கு இந்த ஆய்வின் பெயரைச் சொல்லிக் காத்திருக்கச் சொல்வது பெரும் தவறு. காமெட்டில் கட்டி உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை.

டிசிஐஎஸ் என்று அறிக்கை வந்த பெண் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. தரம் என்ன, ஹார்மோனுக்கு இணங்கும் வகையா, புள்ளிகள் எத்தனை மில்லிமீட்டர் பரப்பில் இருக்கின்றன, பயாப்சியில் ஊடுருவும் புற்றுக்கான சந்தேகக் குறி ஏதும் இருந்ததா, குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளவயதில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்ததா என்பவை முடிவைத் தீர்மானிக்கும். குறைந்த அளவு டமாக்சிஃபென் பற்றியும் கேட்கலாம். வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதிலாக நாளுக்கு 5 மில்லிகிராம் வீதம் மூன்று ஆண்டு கொடுத்து, நோய் திரும்புவதை ஏறத்தாழப் பாதியாக்கிய 500 பெண்களின் ஆய்வு ஒன்று இத்தாலியிலிருந்து 2019இல் வந்தது. இளம் வயதிலோ கடுந்தரத்திலோ கண்காணிப்பை எந்த ஆய்வும் பரிந்துரைக்கவில்லை.

கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தவரின் கையில் இருக்க வேண்டிய முதல் பொருள் பழைய மேமோகிராம் படம். புள்ளிகள் கூடினவா, பரவினவா என்பது ஒரு படத்தை மட்டும் பார்த்துத் தெரிவதல்ல. ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பரிசோதனைக் கூடங்கள் அறிக்கைத் தாளை மட்டும் கொடுத்து அனுப்புவதுண்டு. படத்தின் ஃபிலிமையோ குறுந்தகட்டையோ கேட்டு வாங்கி, தேதி எழுதி, உறையில் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் அதே உறையோடு போக வேண்டும். கூடுமானவரை அதே கூடத்தில், அதே கருவியில்.